இலைக்குள் ஒரு கை

நாற்காலியில் ஏறி நின்று திரைச்சீலையின் கடைசி வளையத்தைக் கம்பியில் கோக்கிறாள் அம்மா. பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பை வெட்டித் தைத்து, உருளைக்கிழங்கை இலை வடிவில் செதுக்கி, காலையிலிருந்து குனிந்த இடுப்பு நிமிராமல் பச்சை வண்ணத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தது. கடையில் வாங்கியதெல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. நட்டநடுவில் மகள் தன் உள்ளங்கையை நீலத்தில் தோய்த்துப் பதித்துவைத்த இடம்கூட இப்போது தெரியவில்லை. "எல்லாத்தையும் பாழாக்கிட்டியே! இனிமே இதத் தொட்டுப் பாரு, அப்புறம் இருக்கு உனக்கு!" என்று கத்திய கையோடு, அதன்மேல் பெரிதாக ஓர் இலையை வரைந்து மூடிவிட்டாள். சாயங்கால வெயில் ஜன்னலுக்குள் இறங்குகிறது. துணியெங்கும் வெளிச்சம் ஊற ஊற, இலைகள் வெளிறிப்போகின்றன. பெரிய இலைக்குள் மட்டும் ஏதோ இருட்டாகத் தெரிகிறது. ஐந்து குட்டி விரல்கள், விரித்தபடி; சுண்டுவிரல் கொஞ்சம் கோணல். அம்மா இறங்கிவந்து தன் கையை அதன்மேல் வைக்கிறாள். உள்ளங்கைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. "கண்ணு, இங்க வாயேன். உன் கை தெரியுது பாரு." அடுத்த அறையிலிருந்து வரும் மகள் கதவோரமே நின்றுவிடுகிறாள். நீலம் இன்னும் போகாத கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறாள். "நான் அப்புறம் தொடவே இல்லம்மா."