சிலை ஆட்டம்

சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்கு முன்னால் இரண்டு பெண்பிள்ளைகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார்கள்.

திரையில் அப்பாவும் சிலைதான். தலையில் பூனைக்காது, கன்னத்தில் பூனைமீசை, நாக்கு வெளியே. திரையின் மேல் மூலையில் மட்டும் பெரியவள் பள்ளியில் வாங்கிய நட்சத்திர ஸ்டிக்கர். நோட்டில் ஒட்டாமல் போனில் ஏன்டி ஒட்டினாய் என்று அம்மா போன வாரமே திட்டிப் பார்த்தாள். பெரியவள் அசைந்து கொடுக்கவில்லை.

யார் முதலில் அசைகிறார்களோ அவர்கள் தோற்றவர்கள். தோற்றவர் டாட்டா சொல்லி முடிக்க வேண்டும்.

சட்டம் போட்டது அப்பா. வேலைக்காக அத்தனை தூரம் போனவர். சாப்பிட்டாயா, படித்தாயா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைகள் எழுந்து ஓடிவிடும் என்று தெரிந்தவர். காது, மீசையெல்லாம் வைத்துக்கொண்டு வருவார். பத்து எண்ணுவதற்குள் சிவப்பாக ஏதாவது கொண்டுவா என்று வீட்டையே புரட்டிப்போட வைப்பார். ஒருநாள் நெட் மாட்டிக்கொண்டு அவர் முகம் அப்படியே நின்றுபோக, சின்னவள் வீறிட்டு அழுதாள். திரும்பி வந்தவர், தான் சிலை ஆட்டம் ஆடியதாகவும் அவள் அசைந்து தோற்றுவிட்டதாகவும் ஒரே போடாகப் போட்டார்.

அன்றிலிருந்து நெட் நின்றால் வீட்டில் கொண்டாட்டம்தான். விளையாட்டுக் காட்டுவதில் மனுஷன் மன்னன். யார் இல்லை என்றது?

அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க ஆலையில் சட்டைகளின் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துவிட்டு வந்தவள். கையில் நூல் பிசிறு அப்படியே ஒட்டியிருந்தது.

திரையில் இருந்தது அழைப்பே இல்லை. வெறும் படம்.

எப்போதோ நெட் நின்றபோது, அந்த நாக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவளே எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்.

இனிமேல் கூப்பிட வேண்டாம் என்று ஒரு வரி அனுப்பிவிட்டு அந்த மகராசன் நம்பரை மாற்றி இரண்டு மாதம் ஆகிறது. அங்கே இன்னொரு குடும்பம், கைக்குழந்தை வேறு என்று அவனோடு வேலை பார்த்தவர் சொன்னார். அவன் நாசமாய்ப் போகட்டும். ஆனால் இதை ஏழு வயதுக்கும் நாலு வயதுக்கும் எந்த வாயால் சொல்வது?

அதனால் தினமும் சாயங்காலம் வந்ததும் படத்தைத் திறந்து வைத்துவிட்டு, நெட் நின்றுவிட்டது, அப்பா சிலையாகிவிட்டார் என்பாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இவள் புளுகு ஐம்பது நாளைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு நாளும், இன்றைக்கு மாட்டிக்கொண்டோம் என்றுதான் நினைப்பாள்.

சின்னவள் உதட்டை அசைக்காமல் பல்லுக்குள்ளேயே கேட்டாள்.

"அம்மா, அப்பாவுக்குக் கண்ணு வலிக்காதா? சிமிட்டவே மாட்டேங்கிறாரு?"

அம்மா கையில் ஒட்டியிருந்த நூல் பிசிறைப் பிய்க்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரியவள் தும்மினாள். வீடே அதிரும்படி ஒரு தும்மல். சின்னவள் கேட்டதை மறந்து, அக்கா அவுட் என்று குதிக்க ஆரம்பித்தாள். தினமும் இவள்தான் தோற்கிறாள், துளி பொறுமை கிடையாது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். பெரியவள் டாட்டா சொன்னாள். போனைக் கவிழ்த்துவிட்டு, தங்கையை முகம் கழுவ விரட்டினாள்.

அப்பாடா, இன்றைய பொழுது தப்பித்தது.

அம்மா போனை எடுத்தாள். நாக்கு நீட்டியபடி அவன் இன்னும் இருந்தான். அவனைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. எரிச்சலில் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். பாதி உரிந்து வந்தது.

ஸ்டிக்கருக்கு அடியில், படத்தோடு சேர்ந்து நின்றுபோன மணி. 6:12.

சுவர்க் கடிகாரத்தில் ஏழரை ஆகியிருந்தது. ஐம்பது நாளும் படத்தில் 6:12 தான். அவள் ஒருநாள்கூட அதைக் கவனிக்கவில்லை.

பெரியவள் பக்கத்தில் வந்து நின்றாள். குளியலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு எட்டி, உரிந்த நட்சத்திரத்தை விரலால் அழுத்தி ஒட்டினாள்.

"இதை எடுக்காதம்மா. பாப்பாவுக்கு ஸ்கூல்ல இப்போ நம்பர் சொல்லிக் குடுக்கிறாங்க."