கண் பட்ட கோர்

"இது வேலைத் தப்பே இல்லீங்க சிஜு சார். ஆரோ கண்ணு வெச்சிருக்கறாங்க!"

துரைசுவாமி இப்படிச் சொன்னதும் சிஜு, மின்கசிவைச் சோதிக்கிற மெக்கர் பெட்டியை அணைத்துவிட்டு நிமிர்ந்தான். குமுளிப் பக்கத்துத் தேயிலை ஃபாக்டரியின் மின்சார சூப்பர்வைசர் அவன். மலையிறங்கி, சித்தூரை அடுத்த துரைசுவாமியின் ஷெட்டுக்கு, சரக்கைச் சோதித்து எடுத்துப்போக மூன்றாவது தடவையாக வந்திருக்கிறான். மூன்று தடவையும் மெக்கர் காட்டியது பூஜ்யம்.

"கண்ணோ மூக்கோ, எனக்கு அறியில்லா அண்ணா. பூஜ்யம்னா பூஜ்யம்தன்னே. இத ஞான் கொண்டு போகில்லா."

துரைசுவாமிக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. எங்கோ கழித்துப் போட்ட பெரிய டிரான்ஸ்பார்மரை ஏலத்தில் எடுத்து, உள்ளே இருந்த 'கோர்' என்கிற இரும்புத் தகட்டு அடுக்கைப் பிரித்து, தகடு தகடாகத் துரு நீக்கி, வார்னிஷ் பூசி, சூளையில் வாட்டி, மறுபடி அடுக்கி நிறுத்தியாயிற்று. அந்தத் தகடுகளுக்கும் அவற்றை இறுக்கிப் பிடிக்கிற இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் ஒட்டும் கூடாது, உறவும் கூடாது. எங்கேயோ ஒட்டு இருக்கிறது என்று மெக்கர் அடித்துச் சொல்கிறது. எங்கே என்றுதான் சொல்லித் தொலைய மாட்டேன் என்கிறது.

"மொதலாளி, காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி நம்ம மெக்கர வச்சுப் பாத்தேன். நல்லாத்தான் காட்டுச்சு" என்றாள் மாரீஸ்வரி.

தகடு அடுக்குகிறவள் அவள். எஸ்டேட் வேலையை உதறிவிட்டு, மகள் ஆர்த்தியின் காலேஜுக்காகச் சித்தூரில் குடியேறியவள். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"நல்லா காட்டுச்சாமா! அப்ப சார் வெச்சா மட்டும் ஏன் காட்ட மாட்டேங்குது? எந்தத் தகட்டுல பிசிறு உட்டயோ!"

மூன்று தடவையும் பிரித்தவள் அவள், அடுக்கியவள் அவள், திட்டு வாங்குகிறவளும் அவள்தான்.

துரைசுவாமியும் தன் பங்குக்குக் குறை வைக்கவில்லை. சிஜு வருகிற நாளெல்லாம் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, மேல் தகட்டு இடுக்கிலிருந்து சட்டத்து போல்ட் வரைக்கும் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயுமாகத் தோரணம் கட்டுவார். அறுந்து விழுந்தால் சகுனத் தடை என்று நூலை நம்பமாட்டார், இரும்புக் கட்டுக்கம்பிதான். அப்புறம் கற்பூரம் சுற்றிவிட்டுத்தான் சோதனைக்கு விடுவார். சாமி காரியம் என்று யாரும் அதன் பக்கம் கை நீட்டுவதில்லை.

இன்றைக்கும் கட்டியிருந்தார். அதைப் பார்த்ததும்தான் அவருக்குச் சுருக்கென்று ஒன்று நினைவுக்கு வந்தது.

"ஏம்மா, மொதல்ல அடுக்கி முடிச்ச அன்னிக்கு என்ன சொன்னே நீ? 'வெள்ளி கணக்கா மின்னுது'ன்னு சொன்னயா இல்லையா?"

"ஆமா, சொன்னேன். நல்லா இருக்குன்னு சொன்னது ஒரு குத்தமா மொதலாளி?"

"நீ சொன்ன அன்னிக்கே பயந்துக்கிட்டுதான் எலுமிச்சங்கா வாங்கிக் கட்டுனேன். அதையும் மீறி அடிச்சிருக்குது பாரு உன்ற கண்ணு! நாளையிலிருந்து நீ வர வேண்டாம்!"

மாரீஸ்வரியின் முகம் சுருங்கிப் போனது. வேலை சரியில்லை என்று சொல்லியிருந்தாலாவது வாதாடியிருப்பாள். கண்ணுக்கு என்ன பதில் சொல்வது? டிபன் பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

துரைசுவாமிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "உன்னையும் கட்டி என்ன பிரயோஜனம்!" என்று தோரணத்தைப் பிடுங்கித் தரையில் வீசினார்.

கிளம்பத் தயாரான சிஜு, ஒயரைக் கழற்றுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பொத்தானை அமுக்கினான். பெட்டியையே உற்றுப் பார்த்தான்.

"அண்ணா... கேறுது! ஆயிரம் தாண்டிப் போயி!"

துரைசுவாமி துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களா சார்! அவ வாசப்படி தாண்டுனதும் சரியாப் போச்சு பாருங்க! நாஞ் சொன்னனில்லீங்க?"

வாசலுக்கு வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாரீஸ்வரியின் காதில் அது விழுந்தது. திரும்பிப் பார்த்தாள். தரையில் கிடந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே வந்து, தோரணத்தை எடுத்து, அவர் கட்டியிருந்த மாதிரியே இடுக்கில் ஒரு முனையும் போல்ட்டில் மறு முனையுமாக மாட்டினாள்.

"சார், இப்ப அமுக்குங்க."

பூஜ்யம்.

தோரணத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கோரை ஒட்டினாற்போல் அங்கேயே நின்றாள். "இப்ப?"

"கேறுது" என்றான் சிஜு.

துரைசுவாமி பக்கத்தில் வந்து தோரணத்தை எட்டிப் பார்த்தார். மாரீஸ்வரி தோரணத்தை அவர் கையில் திணித்தாள்.

"என் கண்ணு படல மொதலாளி. உங்க கம்பிதான் பட்டிருக்கு!"