ஐந்து கோடு கூடக் காட்டிய திருகு அளவி

ஒரு பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில், கம்பியின் பருமனை அளக்கும் திருகு அளவிகள் இரண்டு ஒரே பெட்டியில் இருந்தன.

பழையது, வாயை மூடினாலும் சுழியை, அதாவது பூஜ்யத்தைக் காட்டாது. மூன்று கோடு கூடக் காட்டும். அது எல்லோருக்கும் தெரியும். புதியது பளபளப்பானது, துல்லியமானது. ஆனால் போன வாரம் யாரோ அதைக் கீழே போட்டதிலிருந்து ஐந்து கோடு கூடிவிட்டது. அது யாருக்கும் தெரியாது.

“இன்னிக்கு அளக்க வர்ற மாணவி மெஹருன்னிசாகிட்ட சொல்லிடு. பாவம், ரெக்கார்டு நோட்டுல தப்பா எழுதிடுவா” என்றது பழையது.

“சொன்னா என்னைத் தூக்கிப் போட்டுடுவாங்க” என்ற புதியது, குறை தெரிந்துவிடாதபடி வாயை மூடாமலே இருந்தது.

மெஹருன்னிசா ஒரு செப்புக் கம்பியை இரண்டாலும் அளந்தாள். பழையதில் மூன்று கோட்டைக் கழித்தபோது 0.56 மில்லிமீட்டர் வந்தது. புதியது 0.61 என்றது.

“ஒரே கம்பிக்கு எப்படி ரெண்டு அளவு?” என்றவள், புதியதன் வாயை மெல்லத் திருகி மூடினாள். ஐந்து கோடுகள் தெரிந்தன. அதற்கு உடம்பெல்லாம் கூசியது.

அவள் அதைத் தூக்கிப் போடவில்லை. ‘சுழிப்பிழை: ஐந்து கோடு’ என்று நோட்டில் எழுதி, கோட்டுக்கு 0.01 வீதம் 0.05-ஐக் கழித்தாள். 0.56 வந்தது. ஆசிரியை அந்த வரியின் கீழ் ‘மிக நன்று’ என்று எழுதினார்.

மறுநாள் வேறொரு மாணவி கை நீட்டியதும், புதியது பழையதை முந்திக்கொண்டு தலை நிமிர்ந்தது.

“முதல்ல என் வாயை மூடிப் பாரும்மா! சரியா அஞ்சு கோடு கூடக் காட்டுவேன்!”