மல்லிகாவின் பையிலிருந்த சடை

கடலில் ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கு எண்ணெய் ஏற்றும்போது குழாய் வெடித்துவிட்டது. முடி எண்ணெயை உறிஞ்சும் என்பதால், திருச்சானூர் பக்கத்தில் எங்கள் முடிக் கிடங்கில் கழிவு முடியை வலைப்பைகளில் அடைத்துக்கொண்டிருந்தோம். லாரி காத்திருந்தது. கடைசிப் பை நிறையவில்லை.

"மல்லிகாக்கா, உன் பையில நீட்டு சடை ஒண்ணு கீதே, போடேன்" என்றான் மேஸ்திரி ஹரிபாபு.

"அது குடுக்கறதுக்கில்ல."

"சவுரிக்காரன் நல்ல ரேட்டு சொல்லிட்டானா? எண்ணெயில மாட்டிக்கின டால்பினுக்குன்னா கை வராதா?"

எல்லோரும் சிரித்தோம்.

அப்போது பிரேமலதா செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். எண்ணெய் படிந்த தண்ணீரில் ஒரு தாய் டால்பின், செத்த குட்டியை மூக்கால் தூக்கித் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தது.

"செத்துதுன்னு தெரிஞ்சும் விடமாட்டேங்குதாம், பாவம்."

மல்லிகா எழுந்துபோய்ச் சடையை எடுத்துவந்தாள். நுனியில் பள்ளிக்கூடத்துச் சிவப்பு ரிப்பன்.

"எம் பொண்ணுக்கு ஜுரம் எறங்கினா மொட்ட போடறோம்னு சாமிக்கு வேண்டிக்கினோம். எறங்கல. தரணியத் தூக்கறதுக்கு முன்னால நான்தான் வெட்டி வெச்சேன். மலைக்கு எடுத்துக்கினு போக மனசு வரல."

ரிப்பனை அவிழ்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, சடையைப் பைக்குள் வைத்தாள்.

"கட்டுப்பா ஹரி. மத்த குட்டிங்களாவது பொழைக்கட்டும். சாமி கடன் தீந்துபோச்சு."