விளக்கு மூடிகள்

அந்தப் பழைய காரின் முன்விளக்குகளுக்கு மூடிகள் உண்டு. எஞ்சின் ஓடினால், விளக்கைப் போடாதவரை மூடிக்கொள்ளும். நிறுத்தினால் சிறிது நேரத்தில் தானாகத் திறந்துவிடும். அதைச் சரிசெய்யச் சொல்லி மெக்கானிக்கின் உயிரை எடுத்தார், கறுப்புக் கண்ணாடி போட்ட கார் சொந்தக்காரர்.

"காத்துக் குழாய்ல ஓட்டை சார். மாத்திட்டேன். இனிமே எப்பவும் மூடியே இருக்கும்."

கார் சொந்தக்காரருக்கு வாயெல்லாம் பல். அவர் வீட்டுக்குள் போனதும், அவர் மனைவி பூனை மாதிரி வந்தார்.

"தம்பி, பழைய குழாயையே மாட்டிடுங்க."

"ஏம்மா?"

"அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு, கார் ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நான் ஆபீஸ்லேர்ந்து வரும்போது விளக்கு மூடியிருந்தா, ஐயா இப்பதான் ஊர் சுத்திட்டு வந்திருக்கார்னு கண்டுபிடிச்சிடுவேன்."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"எப்பவும் மூடியே இருக்கணும்னு சார் ஒத்தக் கால்ல நின்னது இதுக்குத்தானா!"