வலது முழங்கால்

தெருமுனை வரை நேராக நடந்து வந்த உத்திராபதி, எக்ஸ்ரே நிலையத்தின் படியில் ஏறும்போது வலது காலை இழுத்து இழுத்து வைத்தார். உள்ளே போனதும், "ஸ்ஸ்... அப்பாடா" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

அவருக்கு ஒரு வலியும் கிடையாது. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கும் மகன் ரஞ்சித்குமாருக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண் கலையரசி, அரியலூரில் இந்த நிலையத்தில்தான் எக்ஸ்ரே எடுக்கிறாள். ஜாதகம் கைமாறி, பொருத்தமும் பார்த்தாகிவிட்டது.

ஆனால், "கண்ட ஆம்பளையத் தொட்டு வேலை செய்யுற பொண்ணா நம்ம வூட்டுக்கு?" என்று தங்கை செல்வம்மாள் கேட்ட கேள்வி அவரைத் தூங்கவிடவில்லை. பெண் பார்க்கப் போகும் அன்று எல்லாப் பெண்களும் தலை குனிந்துதான் நிற்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வேலை இடத்தில் போய்ப் பார்த்தால்தான் குணம் தெரியும். கிளம்பி வந்துவிட்டார்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் பதிவேட்டைத் திறந்தாள். போட்டோவில் பார்த்த முகம்தான்.

"பேரு, ஊரு சொல்லுங்கய்யா."

உத்திராபதி நிமிர்ந்து உட்கார்ந்தார். முழங்காலைப் பற்றி வேண்டுமானால் பொய் சொல்லலாம். தகப்பன் வைத்த பெயரை மாற்றிச் சொல்லும் வழக்கம் அவர் குடும்பத்தில் இல்லை.

"உத்திராபதி. திருமழபாடி."

பேனா ஒரு நொடி நின்றது. பிறகு ஓடியது.

"டாக்டர் சீட்டு?"

"வூட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்."

"பரவால்லீங்கய்யா. படம் எடுக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் விவரம் வேணும். வூட்டுல மாடிப்படி உண்டுங்களா?"

"ஓட்டு வூடு. ஆனா மூணு கட்டு!"

"கக்கூசு உள்ளயா, வெளியயா? கால் மடக்குறதுக்காகக் கேக்குறேன்."

"உள்ளதான். போன வருசம் டைல்ஸ் போட்டுக் கட்டுனோம்."

"குடிதண்ணிக் குடம் யாரு தூக்குறது?"

"பொம்பளைங்கதான். நான் ஏன் தூக்கப்போறேன்?"

"காலையில காப்பியாச்சும் நீங்களே போட்டுக்குவீங்களா?"

"நல்லாக் கேட்ட போ! எங்க வூட்டு ஆம்பளைங்க அடுப்படிய எட்டிப் பாத்ததே இல்ல."

"வேலைக்குப் போற பொம்பளைங்க யாராச்சும்?"

"எங்க வம்சத்துலயே கெடையாது."

எல்லாவற்றையும் அவள் பொறுமையாக எழுதிக்கொண்டாள். ஒரு முழங்காலுக்கு இத்தனை விசாரணையா என்று உத்திராபதிக்கு வியப்பாக இருந்தது. என்ன பொறுப்பான பெண் என்று மெச்சிக்கொண்டார்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. லாரியிலிருந்து விழுந்த ஒருவரை இரண்டு பேர் தாங்கி வந்தார்கள். முன்கை கோணலாகத் தொங்கியது. உத்திராபதி நொண்ட வேண்டும் என்பதையே மறந்து, துள்ளி எழுந்து வழிவிட்டார்.

"அய்யோ, தொடாத தாயீ!" என்று அந்த ஆள் அலறினார்.

"தொடலண்ணே. என்னையப் பாருங்க. எந்த ஊரு? எத்தனை புள்ளைங்க?"

"எறையூரு... ரெண்டு. பெரியவ பத்தாவது..."

மகளைப் பற்றி அவர் சொல்லி முடிப்பதற்குள், அவள் மெல்லப் பிடித்துவைத்த கை உள்ளறை மேஜையில் நேராகக் கிடந்தது. "அசையாதீங்க" என்றாள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. கொஞ்ச நேரத்தில் ஈரம் சொட்டும் படத்தைக் கொடுத்து, "நேரா டாக்டர்ட்ட போங்க. கை தொங்காமப் புடிச்சுக்கங்க" என்று அனுப்பிவைத்தாள்.

உத்திராபதி வாசல் வரை போய் ஆட்டோ கிளம்புவதைப் பார்த்துவிட்டு வந்தார். இப்படித் தொடுவதையா தங்கை அப்படிப் பேசினாள்? ஊருக்குப் போய் அவளுக்கு நன்றாகச் சொல்லவேண்டும்.

"தினமும் இதானாம்மா?"

"ஆமாங்கய்யா. அடுத்த மாசம் சி.டி. ஸ்கேன் மெஷின் வேற வருது. மண்டையில அடிபட்டா இப்ப திருச்சிக்கு அனுப்புறோம், சில பேரு வழியிலயே போயிடுறாங்க. இனி உள்ள ரத்தம் கட்டியிருக்கான்னு இங்கயே தெரிஞ்சுடும்." அவள் முகம் மலர்ந்தது. "அதுக்கு எனக்குத்தான் ட்ரெயினிங். ரெண்டு வருசமாக் காத்துக் கெடக்குறேன். சரி, வாங்க, உங்க காலப் பாப்போம்."

உத்திராபதி எழுந்தார். அறையின் குறுக்கே நேராக நடந்து காட்டினார். பெரிதாகச் சிரித்தார்.

"காலுக்கு ஒண்ணுமில்லம்மா. நான்தான் ரஞ்சித்குமாரோட அப்பா! பொண்ணு எப்படின்னு நேருல பாத்துடலாம்னு வந்தேன். பரம திருப்தி. வர்ற வெள்ளிக்கெழமையே தட்டு மாத்திக்கலாம்னு உங்க அப்பா அரியமுத்துகிட்ட சொல்லிடு."

வாசல் வரை போனவர், பெரிய மனது பண்ணி ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் சொன்னார்.

"கல்யாணம் ஆனதும் இந்த வேலைய மட்டும் விட்டுடணும். எங்க வூட்டுக் கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல?"

கலையரசி பதறவில்லை; தலை குனியவும் இல்லை. கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். மரியாதையாகக் கைகூப்பினாள்.

"ஜாதகத்துல உங்க பேரு இருந்துச்சுங்கய்யா. அதான் பேரு சொன்னதுமே வூட்டு விவரம் பூரா கேட்டு எழுதிக்கிட்டேன். நீங்க ஊருக்குப் போங்க, நாங்க கலந்து பேசிக்கிட்டு லெட்டர் போடுறோம்."