முதுகுக்குப் பின்னால் ஒரு கை

ஜன்னல் வெயில், மேசைமேல் கவிழ்த்து வைத்த வால்வு ஆம்ப்ளிஃபயரின் வயிற்றுக்குள் விழுகிறது. கண்ணாடி வால்வுகளை அக்கா முன்பே கழற்றித் துணியில் படுக்க வைத்திருக்கிறாள். பிடுங்கிய பிளக் அவள் கண்ணெதிரே மேசையில் கிடக்கிறது. தெரியாமல்கூட யாரும் மாட்டிவிட முடியாது. உள்ளே வந்த நான் வாசற்படியிலேயே நின்றுவிடுகிறேன். அவளுடைய இடது கை முதுகுக்குப் பின்னால் மடிந்திருக்கிறது. இரண்டு கையும் உள்ளே போனால் ஷாக் நெஞ்சு வழியாகப் பாயுமாம். மூக்குக்கண்ணாடி சரிந்து நுனிமூக்குக்கு வந்துவிட்டது, அதைத் தள்ளிவிடக்கூட அந்தக் கை வருவதில்லை. பக்கத்தில் நின்று பாட்டுக் கேட்கத் துடிக்கும் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. “பிளக்கையே பிடுங்கியாச்சு, இன்னும் என்ன பயம்?” என்று உள்ளே ஏதோ தூசியைக் காட்ட விரலை நீட்டுகிறார். “கைய எடுங்க! பிடுங்கினது உங்களுக்குத் தெரியும், கரண்ட்டைத் தேக்கி வச்சிருக்கிற கெப்பாசிட்டருக்குத் தெரியுமா?” அவர் விரல் போன இடத்தில் அக்கா மீட்டரின் முனையை வைக்கிறாள். முந்நூறு வோல்ட். விரல் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு, தூங்குகிற குழந்தைக்கு நகம் வெட்டும் நிதானத்தோடு, ரெசிஸ்டர் கட்டிய குச்சியை அங்கே வைத்து மின்சாரத்தை வடிய விடுகிறாள். மீண்டும் அளக்கிறாள். பூஜ்யம். இன்னொரு தடவையும் அளக்கிறாள். பூஜ்யம்தான். அதன் பிறகே இடது கை முன்னால் வந்து கண்ணாடியை மேலே தள்ளுகிறது. “இப்பத் தொடலாம்” என்கிறாள் மாமாவிடம். அவர் தொடவில்லை. அவருடைய இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருக்கின்றன.